ஆயில் செப்பரேட்டருக்கு முன்னால் ஒரு கூரை

வாசகர் கேள்வி: சென்னைப் புறநகரில் 25 சென்ட் இடத்தில் பழைய இரும்பு, பழைய வண்டி உடைக்கும் யார்டு நடத்துகிறோம். என் மாமனார் காயலான் கடையாக ஆரம்பித்தது. இப்போது இரும்பை அழுத்திக் கட்டாக்கும் பேலிங் மெஷின், ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் இருக்கிறது. போன மாதம் ஃபோர்க்லிஃப்டின் முன்கம்பி குத்தி வேஸ்ட் ஆயில் டிரம் ஒன்று ஓட்டையாகி, பாதிக்கு மேல் தெருக் கால்வாயில் ஓடிவிட்டது. மணல் கொட்டினோம், சோப்புத்தூள் போட்டுக் கழுவினோம், தரை சுத்தமாகிவிட்டது. ஆனால் கிணற்றுத் தண்ணீரில் வாடை வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் 3,000 லிட்டர் ஆயில் செப்பரேட்டர் ஒன்று கட்டினால் போதும் என்று ஒரு கம்பெனி கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. மழைக்காலத்துக்குள் போட்டுவிடலாமா? வேஸ்ட் ஆயிலை லிட்டர் கணக்கில் ரொக்கம் கொடுத்து எடுத்துப்போகும் ஒருவருக்கே இதுவரை கொடுத்து வருகிறோம். அதைத் தொடரலாமா?

பதில்:

கொட்டேஷனைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். செப்பரேட்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. யார்டை இப்போது இருக்கிறபடியே விட்டுவிட்டு, கடைசியில் மட்டும் ஒரு செப்பரேட்டரைக் கட்டினால், முதல் பெருமழையிலேயே அது வெறும் தொட்டியாகிவிடும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு சென்ட் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். 25 சென்ட் என்றால் 1,000 சதுர மீட்டருக்குச் சற்று மேலே. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைப் பக்கம் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் கொட்டுவது அதிசயமில்லை. அப்படிக் கொட்டினால் உங்கள் யார்டில் மட்டும் 50,000 லிட்டர் சேரும். 3,000 லிட்டர் தொட்டிக்குள் அந்தத் தண்ணீர் தங்குவது நாலு நிமிடம்கூட இல்லை.

செப்பரேட்டரின் வேலையே தண்ணீரை நிதானப்படுத்துவதுதான். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. கலங்காமல் நின்றால் மேலே ஏறும். மேலே மிதப்பதை வழித்தெடுத்துவிட்டு, அடியில் இருக்கும் தண்ணீரை மட்டும் வெளியே விடுகிறோம். பெரிய துளி சீக்கிரம் ஏறிவிடும், பொடித்துளிக்கு நேரம் பிடிக்கும். அந்த நேரம் கிடைக்காவிட்டால் எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து போய்விடும். போன மாதம் முழுக்கப் பிடித்து வைத்திருந்ததையும் வெள்ளம் கிளப்பிக்கொண்டு போகும். விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார்.

எனவே உங்கள் முதல் செலவு கூரை. எண்ணெய் படும் இடத்தில் மழை படக் கூடாது, மழை படும் இடத்தில் எண்ணெய் படக் கூடாது. யார்டில் சிந்துகிற நாலைந்து லிட்டரை ஒரு ஆள் அரை மணி நேரத்தில் துடைத்து எடுத்துவிடலாம். அதே நாலைந்து லிட்டர் 50,000 லிட்டர் தண்ணீரில் கலந்து தெருவுக்குப் போனால் யாராலும் திரும்ப எடுக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூரில் இதன் பெரிய வடிவத்தைப் பார்த்தோம். மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கிளம்பிய எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் முகத்துவாரத்துக்கும் போனது. படகும் வலையும் கறுத்துப்போயின. கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் எண்ணெயோடு நின்றன. மீனவர்களே மக், பேரல் வைத்துக் கையால் அள்ளினார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. உங்கள் டிரம்மையும் அதையும் அளவில் ஒப்பிட முடியாது. ஆனால் தரையில் இருக்கும் எண்ணெயை மழைத் தண்ணீர் ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது உங்கள் யார்டுக்கும் பொருந்தும்.

25 சென்ட் முழுக்கக் கூரை போட வேண்டியதில்லை. ஆயில் இறக்கும் இடம், டிரம் வைக்கும் இடம், எஞ்சின், கியர் பாக்ஸ் குவிக்கும் இடம், லேத் பட்டறைகளிலிருந்து வரும் டர்னிங் (கடைசல் இரும்புச் சுருள்) கொட்டும் இடம், பேலிங் மெஷின் நிற்கும் இடம், இவை போதும். ஐந்தையும் ஒரே பக்கமாக ஒதுக்கினால் ஐந்தாறு சென்ட்டுக்குள் அடங்கும். எண்ணெய் வடித்து முடித்த பாடி, கதவு, தகடு, ரிம் எல்லாம் திறந்த வெளியில் கிடக்கட்டும். கூரையின் தாழ்வாரத்தில் காடி கட்டி, அந்தத் தண்ணீரைத் தனிக்குழாயில் நேரே வெளியே விடுங்கள். கூரைக்குக் கீழே காங்கிரீட் தரை, வெளித்தரையைவிட மூன்று நாலு அங்குலம் உயரமாக, ஓரங்களில் வண்டி ஏறி இறங்கும் அளவுக்குச் சாய்வாக இருக்கட்டும். வெளியே ஓடும் தண்ணீர் உள்ளே வராது, உள்ளே சிந்துவது வெளியே போகாது. உள்தரையின் சாய்வு நடுவில் ஒரு குழியை நோக்கி இருக்க வேண்டும். வாசலை நோக்கிச் சாய்த்துவிடும் கொத்தனார்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தண்ணீர் வெளியே போனால் நல்ல வேலை. கூடவே நின்று பாருங்கள்.

தரையில் வெடிப்பு விழுந்தால் உடனே அடைக்க வேண்டும். வெறும் சிமெண்ட் தரை எண்ணெயைக் குடிக்கும். ஆயில் இறக்கும் இடத்துக்கும் டிரம் அறைக்கும் மட்டுமாவது எபாக்ஸி பூச்சு அடித்துவிடுங்கள். கறை தெரிவதால் கசிவும் சீக்கிரம் கண்ணில் படும். அது பூச்சோடு கிடைக்கும் உபரி லாபம்.

கூரை போட்ட பிறகு மிஞ்சுவது திறந்தவெளித் தண்ணீர். அது யார்டை விட்டு வெளியேற ஒரே வழிதான் இருக்கலாம். இப்போது உங்கள் கேட்டுக்கு அடியில், சுவர் ஓட்டையில், பின்பக்கம் என்று நாலு வழியாகப் போய்க்கொண்டிருக்கும். ஒன்றைத் தவிர மற்றதை அடையுங்கள். அந்த ஒன்றில், தெருக் கால்வாயில் சேர்வதற்கு முன்னால், ஒரு சிறு தொட்டியும் ஏற்றி இறக்கும் ஷட்டரும் வையுங்கள். வழக்கமாக ஷட்டர் மூடியே இருக்கட்டும். மழை நின்றதும் போய்ப் பார்த்து, தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் இல்லை என்றால் திறக்கலாம். ராத்திரி பெருமழைக்கு இது ஒத்துவராது, யார்டு குளமாகிவிடும் என்பீர்கள். நியாயம்தான். அப்படிப்பட்ட ராத்திரியில் ஷட்டரைத் திறந்து வைப்பதற்காக, வெளிக்குழாயின் தொட்டிப்பக்க முனையில் கீழ்நோக்கித் திரும்பிய ஒரு எல்போ (வளைவுத் துண்டு) மாட்டிவிடுங்கள். தொட்டியின் அடித்தண்ணீர்தான் குழாய்க்குள் ஏறும், மேலே மிதப்பது தொட்டியிலேயே நிற்கும். பெரிய செப்பரேட்டரிலும் தத்துவம் இதுதான். பிளம்பர் ஒரு பகலில் முடித்துக்கொடுப்பார்.

இந்த நிலைக்கு வந்த பிறகு அந்த 3,000 லிட்டர் செப்பரேட்டருக்கு உண்மையாகவே வேலை இருக்கும். கூரைக்குக் கீழே கழுவும் தண்ணீரும் சாரலும் மட்டும் அதற்குப் போகும். குழியிலிருந்து அதற்குத் தண்ணீர் தானாகச் சாய்வில் ஓட வேண்டும். மோட்டார் வைத்து இறைத்தால் எண்ணெய் பொடித்துளியாகி மேலே ஏறவே ஏறாது. வாரம் ஒரு தடவை ஒரு குச்சியை விட்டுப் பார்த்து, மிதக்கும் எண்ணெயை வழித்தெடுங்கள். அடியில் சேறு சேர்ந்தால் அதையும் எடுக்க வேண்டும். அந்தச் சேறும் அபாயக் கழிவுதான். மறுபடி கால்வாயில் கொட்டிவிடாதீர்கள். வெளியே விடும் தண்ணீருக்கு எண்ணெய், கிரீஸ் அளவு ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. அது உள்நாட்டு நீர்நிலைக்குப் போகும் தண்ணீருக்கு. பொதுச் சாக்கடைக்கு 20. உங்கள் கால்வாய் ஏரிக்குப் போகிறது என்றால் 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சிந்தாமல் இருப்பதற்கு என்ன வழி? உங்கள் தொழிலில் எண்ணெய் எங்கே சிந்துகிறது என்று பார்த்தால், உடைந்த டிரம் அபூர்வம். வடிக்காமல் வெட்டிய எஞ்சின், வடிக்காமல் அழுத்திய பாடி, நனைந்தபடி வந்து இறங்கும் டர்னிங், பேலிங் மெஷினின் ஹோஸ், இவைதான் அன்றாடம். ஒரு காரில் எஞ்சின் ஆயில் மட்டும் மூன்று நாலு லிட்டர். பைக்கில் ஒரு லிட்டர். பெரிய லாரி என்றால் 15 லிட்டருக்குக் குறையாது. அதற்குமேல் கியர் பாக்ஸ், டிஃப்ரென்ஷியல், பவர் ஸ்டியரிங், ஷாக் அப்சார்பர். இந்த ஷாக் அப்சார்பரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பேலிங் மெஷினுக்குள் போய் அழுத்தம் வாங்கும்போது எண்ணெய் பீய்ச்சி அடிக்கும்.

ஆகவே வண்டி உள்ளே வந்ததும் முதல் வேலை வடிப்பது. கேஸ் கட்டிங் அதற்கு அப்புறம். வடித்து முடித்த வண்டியில் பெயிண்டால் ஒரு குறி போடுங்கள். குறி இல்லாத வண்டியைக் கட்டிங் ஆளும் தொடக் கூடாது, பேலிங் ஆளும் தொடக் கூடாது. ஆயில் ஃபில்டரின் தலையில் ஓட்டை போட்டு, ஒரு ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வைத்தால் பெருமளவு வடிந்துவிடும். பிரேக் ஆயிலையும் ரேடியேட்டர் கூலன்ட்டையும் எஞ்சின் ஆயில் டிரம்மில் ஊற்றாதீர்கள். அவை கிளைக்கால் என்கிற வேதிப்பொருள் வகை, தண்ணீரில் கரைபவை. செப்பரேட்டர் அவற்றைப் பிடிக்கவே பிடிக்காது. தனித்தனி கேனில் வையுங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் உங்களிடம் வந்தால் அதன் எண்ணெயை எதோடும் சேர்க்காதீர்கள். பி.சி.பி. என்கிற நச்சு அதில் இருக்கலாம். மறுசுழற்சிக்குப் போகும் வேஸ்ட் ஆயிலில் அது 2 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 2 பங்கு) தொடவே கூடாது என்பது விதி. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயால் உங்கள் மொத்த இருப்பும் யாரும் தொடாத சரக்காகிவிடும். சோதனை ரிப்போர்ட் இல்லாத டிரான்ஸ்ஃபார்மரை வாங்காமல் இருப்பதே லாபம்.

டர்னிங் விஷயம் வேறு மாதிரி. லேத்தில் ஊற்றும் கட்டிங் ஆயில் பல இடங்களில் தண்ணீரோடு கலக்கும் வகை. பால் நிறத்தில் வடியும். அது எண்ணெயும் தண்ணீரும் ஏற்கெனவே கலந்த கலவை. எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தாலும் பிரியாது. கூரைக்குக் கீழே சாய்தளத்தில் கொட்டி, வடிவதைத் தனிக்குழியில் பிடித்து, தனி டிரம்மில் சேருங்கள். வடித்துவிட்டு அனுப்பும்படி சரக்குத் தரும் பட்டறைகளிடம் கேளுங்கள். எடையில் எண்ணெயையும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறீர்கள்.

பேலிங் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்லியாக வேண்டும். அதன் ஹைட்ராலிக் டேங்கில் சில நூறு லிட்டர் எண்ணெய் இருக்கும். ஒரு ஹோஸ் வெடித்தால், ஆபரேட்டர் திரும்பிப் பார்த்து பட்டனை அமுக்குவதற்குள் பம்ப் பாதி டேங்கை வெளியே தள்ளிவிடும். எண்ணெய் மட்டம் குறைந்தால் பம்ப்பைத் தானே நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். கொட்டேஷனில் இருக்கும் எதைவிடவும் மலிவு, பலன் பெரிது. மெஷினுக்கு அடியில் டேங்க் கொள்ளளவு பிடிக்கும் உயரத்துக்கு வரப்பு கட்டுங்கள். ஹோஸ்களை வெடித்தபின் மாற்றும் வழக்கத்தை விட்டு, மேல் ரப்பர் வெடித்துக் கம்பி தெரிகிற அன்றைக்கே மாற்றுங்கள்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். அழுத்தத்தில் இருக்கும் ஹோஸில் ஊசித்துளைக் கசிவு எங்கே என்று யாரும் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் எறும்பு கடித்த மாதிரி இருக்கும், வலிகூட அதிகம் இராது. சில மணி நேரத்தில் கையே போகும் நிலைக்கு வரும். மெஷினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிவிட்டுப் பாருங்கள். ஓடவிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் ஒரு நீண்ட அட்டையைக் காட்டிப் பாருங்கள். யாருக்காவது அப்படி நடந்துவிட்டால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிளாஸ்திரி போட்டு அனுப்பிவிடுவார்கள்.

இப்போது டிரம் அறை. இங்கிலாந்தில் ஒரு வழக்கக் கணக்கு உண்டு: இருப்பதிலேயே பெரிய கலனின் கொள்ளளவில் 110 சதவீதம், அல்லது மொத்த இருப்பில் 25 சதவீதம், எது அதிகமோ அந்த அளவுக்குச் சுற்றுவரப்பு பிடிக்க வேண்டும். நமக்கும் அது நல்ல கணக்குதான். 200 லிட்டர் டிரம் பத்து வைத்திருக்கிறீர்கள் என்றால் மொத்தம் 2,000, அதில் கால்வாசி 500 லிட்டர். 10 அடிக்கு 7 அடி இடத்தில் அரையடி வரப்பு கட்டினால் ஆயிரம் லிட்டருக்குக் கிட்ட வரும். டிரம்கள் தரையில் நின்று அடைக்கும் இடத்தைக் கழித்தாலும் ஏறக்குறைய 600 லிட்டர் மிஞ்சும். போதும். வரப்பில் தண்ணீர் போக ஓட்டை வைக்காதீர்கள். ஓட்டை வைத்த வரப்பு கணக்கிலேயே சேராது. கூரை இருப்பதால் தேவையும் இல்லை.

போன மாத விபத்தில் நான் முதலில் கேட்க நினைத்தது, டிரம் ஏன் ஃபோர்க்லிஃப்ட் ஓடும் வழியில் நின்றது என்பதைத்தான். டிரைவரைத் திட்டிப் பயனில்லை. டிரம் அறைக்கு முன்னால் இரும்புத் தூண் நட்டு, ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போகவே முடியாதபடி செய்யுங்கள். டிரம்மைத் தூக்க டிரம் கிளாம்ப் மாட்டுங்கள், அல்லது பலகைத் தட்டில் ஏற்றிய பிறகே ஃபோர்க்கை நுழையுங்கள். மூடியை இறுக்க மறக்காதீர்கள். வெளியே நின்ற டிரம்மின் தலையில் மழைத் தண்ணீர் தேங்கினால், பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் டிரம் காற்றை வெளியே விட்டு உள்ளே இழுக்கும்போது அந்தத் தண்ணீரும் மூடி வழியாக உள்ளே இறங்கிவிடும். தண்ணீர் கலந்த ஆயிலுக்கு விலை குறைவு.

அடுத்த தடவை கொட்டினால் என்ன செய்வது? (கூரை போட்ட பிறகும் ஒரு நாள் கொட்டும்.) முதல் கேள்வி, கொட்டியது என்ன? பெட்ரோல் வாடை வந்தால் எல்லாரையும் வெளியே அனுப்பி, கேஸ் கட்டிங்கை நிறுத்தி, சுவிட்ச் எதையும் தொடாமல், 101-ஐ அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். எஞ்சின் ஆயில் என்றால் அவ்வளவு பதற்றம் வேண்டாம். டிரம்மில் ஓட்டை விழுந்தால் பலர் ஓடிப்போய் மணல் அள்ளி வருகிறார்கள். அதற்கு முன்னால் டிரம்மை உருட்டி ஓட்டையை மேலே கொண்டுவாருங்கள். கொட்டுவது நின்றுவிடும். அன்றைக்கு யாராவது இதைச் செய்திருந்தால் பாதி டிரம் போயிருக்காது. உருட்ட முடியாவிட்டால் துணி சுற்றிய மரக்கட்டையை அடித்து இறுக்கலாம், சின்ன வெடிப்பு என்றால் பார் சோப்பைத் தேய்த்து அடைக்கலாம். சோப்பு அதற்கு மட்டும்தான்.

அதே நேரத்தில் இன்னொரு ஆள் ஷட்டரை மூட வேண்டும். எண்ணெய் ஏற்கெனவே ஓடும் கால்வாயில் இறங்கிவிட்டால், தண்ணீரை மொத்தமாக அடைக்க முடியாது, பொங்கி மேலே வரும். மணல் மூட்டைகளை அடுக்கி, நடுவில் ஒரு பிவிசி குழாயைச் சாய்வாக வையுங்கள். எண்ணெய் வரும் பக்கத்து வாய் அடியிலும், மறுபக்கத்து வாய் உயரத்திலும் இருக்க வேண்டும். அடித்தண்ணீர் குழாய் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும், மேலே மிதக்கும் எண்ணெய் மூட்டைக்குப் பின்னால் நிற்கும். நிற்பதை அள்ளி எடுக்கலாம். நாலு மணல் மூட்டையும் வெட்டி வைத்த குழாய்த் துண்டும் வாசல் பக்கம் எப்போதும் கிடக்கட்டும்.

தரையில் பரவியதை வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி வளையுங்கள். முதலில் முறத்தாலும் தகட்டாலும் அள்ளி டிரம்மில் ஊற்றுங்கள். அள்ளியது ஆயிலாகவே திரும்பக் கிடைக்கும். அள்ள முடியாததற்கு மட்டும் உறிஞ்சும் பொருள். மணலை எல்லாரும் விரும்புவது சும்மா கிடைக்கிறது என்பதால். ஆனால் அது கனமானது, எண்ணெயை உறிஞ்சுவதும் கொஞ்சம்தான். எண்ணெய் ஊறிய மணல் அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையம் போன்ற இடத்துக்கு எடைக்குப் பணம் கட்டித்தான் அனுப்ப வேண்டும். வாங்கும்போது இலவசம், அனுப்பும்போது விலை. நன்றாகக் காய்ந்த தென்னை நார்த்தூள் தரையில் நல்ல வேலை செய்யும், எடையும் குறைவு. ஆனால் அது தீப்பிடிக்கும். மரத்தூளும் அப்படியே. கேஸ் கட்டிங் பக்கத்தில் வைக்காதீர்கள், ஊறியதை மூடி போட்ட டிரம்மில் போடுங்கள். தண்ணீர்மேல் மிதக்கும் எண்ணெய்க்கு நார்த்தூள் உதவாது, தண்ணீரையே குடித்துவிடும். அதற்குப் பாலிப்ரொப்பிலீன் பேடு என்று வெள்ளை விரிப்பாகக் கிடைக்கிறது. தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் பிடிக்கும், மிதக்கும். ஒரு கட்டு வாங்கி வையுங்கள். அன்றாடத் துடைப்புக்குப் பனியன் வேஸ்ட் (கழிவுத் துணி) போதும். எண்ணெய் ஊறிய பனியன் வேஸ்ட்டும் அபாயக் கழிவுப் பட்டியலில் வருகிறது. குப்பை வண்டியில் போடக் கூடாது.

சோப்புத்தூள் விஷயத்துக்கு வருகிறேன். தரை சுத்தமானது என்றீர்கள். எண்ணெய் எங்கும் மறைந்துபோகவில்லை. சோப்பு அதைக் கண்ணுக்குத் தெரியாத பொடித்துளியாக்கித் தண்ணீரோடு கலந்துவிட்டது. படலமாக மிதந்திருந்தால் கால்வாயில் மடக்கி அள்ளியிருக்கலாம். கலந்த பிறகு மடக்க முடியாது, செப்பரேட்டர் இருந்தாலும் அதன் வழியாக நேரே போயிருக்கும். மண்ணுக்குள் இறங்குவதும் சுலபமாகியிருக்கும். பிரஷர் பம்ப் வைத்துக் கழுவுவதும் அதே கேடுதான். யார்டில் சோப்புத்தூளுக்கு இனி இடமே இல்லை என்று ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக் கிணறு காத்திருக்கக் கூடாது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம் என்று இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள், ரிப்போர்ட் வரும்வரை அந்த வீட்டுக்குத் தண்ணீர் நீங்கள் இறக்கிக் கொடுங்கள். மோட்டார் போட்டு இறைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். மட்டம் இறங்கினால் சுற்றியுள்ள மண்ணிலிருக்கும் எண்ணெயும் கிணற்றை நோக்கி இழுபடலாம். எனவே இப்போதைக்கு இறைக்க வேண்டாம். அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆளை வரவழைத்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். எண்ணெய் சோதனைக்குக் கண்ணாடிப் பாட்டில்தான் சரி. பிளாஸ்டிக் பாட்டிலின் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு அளவு குறைத்துக் காட்டும். வாடைக்குக் காரணம் உங்கள் ஆயிலாக இல்லாமலும் இருக்கலாம், பக்கத்தில் செப்டிக் டேங்க் இருக்கலாம். ரிப்போர்ட் வந்தால் இரண்டு பேருக்கும் நல்லது. கால்வாயில் எண்ணெய் ஓடிய இடத்தில் கறுத்த மண்ணை, நல்ல மண் தெரியும்வரை வெட்டி எடுத்து மூட்டை கட்டி, லேபிள் ஒட்டி வையுங்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள்படி, இப்படி ஒரு விபத்து நடந்தால் உடனே போனிலோ மின்னஞ்சலிலோ வாரியத்துக்குத் தெரிவித்து, பிறகு படிவம் 11-இல் அறிக்கை தர வேண்டும். ஒரு மாதம் ஆகிவிட்டது என்று பயந்து விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்து அவர்கள் வருவதற்கும், நீங்களே போய் நடந்ததையும் செய்ததையும் எழுதிக் கொடுப்பதற்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது. வாரியத்தின் அபாயக் கழிவு அனுமதியும், பழைய வண்டி உடைப்பதற்கான பதிவும் உங்களிடம் இருக்கும் என்று நம்பித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வண்டி உடைப்புக்கு 2021 முதல் தனி விதிகள் உண்டு. பதிவு இல்லை என்றால் கூரைக்கும் முன்னால் அதுதான்.

கடைசிக் கேள்வி, ரொக்கம் கொடுத்து ஆயில் எடுப்பவர். நிறுத்துங்கள். ரசீது இல்லாமல் போகும் ஆயில் பெரும்பாலும் எங்காவது சூளையிலோ பாய்லரிலோ எரிகிறது, அல்லது வடிகட்டி டப்பாவில் அடைத்துப் புது ஆயில் என்று விற்கப்படுகிறது. அந்த வண்டி வழியில் கவிழ்ந்தால் அந்த ஆயில் யாருடையது என்ற கேள்வி உங்கள் வாசலுக்குத்தான் வரும். வேஸ்ட் ஆயிலை வாரிய அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டுமே தரலாம். ஒவ்வொரு லோடுக்கும் படிவம் 10 மேனிஃபெஸ்ட் (சரக்கு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற சீட்டு) போட வேண்டும், உங்கள் பிரதியை வாங்கி வைக்க வேண்டும். 90 நாளுக்குமேல் இருப்பு வைக்கக் கூடாது. இருப்புக் கணக்கைப் படிவம் 3-இல் எழுதி, ஆண்டு அறிக்கையை ஜூன் 30-க்குள் கொடுக்க வேண்டும்.

முறையாகப் போனால் விலை கிடைக்காது என்று உங்கள் மாமனார் சொல்லக்கூடும். முன்பு அதில் உண்மை இருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் லூப்ரிகன்ட் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு, விற்ற ஆயிலில் ஒரு பங்கு மறுசுழற்சிக்குப் போனதற்கான சான்றிதழ் கட்டாயமாகிவிட்டது. அந்தச் சான்றிதழைத் தரக்கூடியவர்கள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் மட்டும்தான். அவர்களுக்குக் கணக்கோடு வரும் ஆயில் தேவை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் அவர்களின் பட்டியல் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் இருக்கும் மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். கேட்கும்போது தண்ணீர் கலக்காத சரக்கு, கூலன்ட் சேராத சரக்கு என்று சொல்லிக் கேளுங்கள், லிட்டருக்கு என்ன கூடுதல் தருவார்கள் என்பதையும் சேர்த்து.